காலைக் காட்டு தம்பி

வில்ஃப்ரட் ஓவன் எழுதிய பனிக்காலப் போர்க் கவிதையை முதன்முதலாகப் படித்தபோது, பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் நான் எழுதிவைத்தது ஒரு மருத்துவக் குறிப்பு: ‘நடுக்கம் நின்றுவிட்டது. உடம்புச் சூடு 32 டிகிரிக்குக் கீழே போயிருக்கும். தூங்க விடக்கூடாது.’ ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று, ஊரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த காலம். ‘எக்ஸ்போஷர்’ என்ற அந்தக் கவிதை பாடத்தில் இருந்தது. பாடப்புத்தகத்து விளக்கவுரை அதில் தெரியும் விரக்தியைப் பற்றியும், கடவுள் நம்பிக்கை தளர்வதைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் பேசியது. என் கண்ணில் முதலில் பட்டவர்கள் நோயாளிகள்தான்.

ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்தவன் நான். லக்னோவில் பயிற்சி. ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, ஆக்சிஜன் வைப்பது, டாக்டர் கீழே இருக்கும்போது மேலே போஸ்டில் ஒருவனின் உயிரை ஹெலிகாப்டர் வரும்வரை பிடித்துவைத்திருப்பது என் வேலை. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன் ஒன்று சியாச்சினுக்கு ஏறியபோது என்னையும் அவர்களோடு சேர்த்து அனுப்பினார்கள்.

1984 ஏப்ரலில் நம் ராணுவம் அந்தப் பனியாற்றில் கால் வைத்தது. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் ‘மேகதூத்’. பிரிந்து கிடக்கும் ஒருவன் மேகத்தைத் தூது விடும் காளிதாசனின் காவியம் அது. யார் தேர்ந்தெடுத்தார்களோ, பொருத்தமான பெயர். மேகம் இறங்கிவிட்டால் ஹெலிகாப்டர் வராது, கடிதம் வராது, மண்ணெண்ணெய் வராது. அண்ணாந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அங்கே வாழ வேண்டும். 2003 நவம்பரில் சண்டைநிறுத்தம் வந்து பீரங்கிகள் ஓய்ந்தபின் நாங்கள் ஏறினோம். அதற்கு முன்பும் அங்கே செத்தவர்களில் பெரும்பாலோர் குண்டடிபட்டுச் சாகவில்லை. குளிர், உயரம், பனிச்சரிவு, பனிவெடிப்பு இவைதான் கொன்றன. எங்கள் காலத்தில் எதிரி சுடுவதும் நின்றுபோய் இவை மட்டுமே மிச்சம்.

பதினெட்டாயிரம் அடியில் கடற்கரையில் கிடைக்கிற காற்றில் பாதிதான் கிடைக்கும். மூன்று கட்டமாக உடம்பைப் பழக்கித்தான் மேலே அனுப்புவார்கள். அப்படியும் முதல் வாரங்களில் யாருக்கும் பசி இருக்காது, தூக்கம் வராது. ஃபைபர் குடிலுக்குள் புகாரி என்கிற மண்ணெண்ணெய் அடுப்பு எரியும். அதன் கரி மூக்கில், தலையணையில், சோற்றில் எல்லாம் இறங்கும். காறித் துப்பினால் கறுப்பாக வரும். குளிர்காலத்தில் மைனஸ் ஐம்பது வரைக்கும் போகிற இடம். வெறுங்கையால் துப்பாக்கியைத் தொட்டால் தோல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும்.

சாயங்காலம் ஆனால் என்னுடைய முக்கியமான வேலை தொடங்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் ஜவான்களை ராணுவம் முழுக்கத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். என் வயதுக்கு அவர்களில் பாதிப்பேர் நிஜமாகவே தம்பிகள். “காலைக் காட்டு தம்பி” என்று ஒவ்வொருவர் முன்னாலும் உட்காருவேன். பூட்ஸைக் கழற்றி, இரண்டு அடுக்கு சாக்ஸையும் உருவி, பாதத்தை என் தொடையில் வைத்துக்கொண்டு விரல் விரலாகப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்து, உடனே சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பத் தாமதமானால் கவனம். விரல் வெளுத்து, மெழுகு போல் கெட்டியாகி, “வலிக்குதா?” என்று கேட்டால் “இல்லண்ணே” என்று பதில் வந்தால் நெஞ்சு பதறும். வலி இருக்கிற கால் நல்ல கால்.

உறைந்த விரலைத் தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டவும் கூடாது. முப்பத்தேழிலிருந்து முப்பத்தொன்பது டிகிரி வரைக்குமான வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். தண்ணீர் ஆற ஆற மாற்ற வேண்டும். மறுபடியும் உறைந்துபோக வாய்ப்பிருந்தால் இளக்கவே கூடாது, இளகி மறுபடி உறைந்தால் விரல் போய்விடும். ரத்தம் திரும்பும்போது வருகிற வலி இருக்கிறதே, அதைத் தாங்க எவனாலும் முடியாது. ஆறடி உயரத்து நாயக் ஒருவர் என் தோளைக் கடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அப்படி அழுதால் எனக்குள் ஒரு நிம்மதி வரும்: விரல் தப்பியது.

பாதங்களைப் பார்க்கப் பார்க்க முகங்களையும் படிக்கக் கற்றுக்கொண்டேன். குளிர் ஏறினால் உடம்பு கைகால்களிலிருந்து ரத்தத்தை உள்ளே இழுத்து, நெஞ்சையும் மூளையையும் காப்பாற்றப் பார்க்கும். மனசும் அதையே செய்கிறது என்பது என் அனுபவம். முதலில் அடுத்த வருடத்தைப் பற்றிய பேச்சு நிற்கும். அப்புறம் லீவைப் பற்றிய பேச்சு. அப்புறம் கேரம் போர்டு, பாட்டு. அப்புறம் சாப்பாடு. கடைசியில் ஒருவன் ஸ்லீப்பிங் பேக்குக்குள் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான். “என்ன தம்பி?” என்றால் “ஒண்ணுமில்லண்ணே.” கோழை என்று அவனைச் சொல்பவர்கள் அந்த உயரத்தில் ஒரு இரவு இருந்து பார்க்க வேண்டும். விரல் நுனி மரத்துப்போவதைப் போன்ற ஒரு நோய்க்குறி அது. அதற்கும் யாராவது தினமும் வந்து அழுத்திப் பார்க்க வேண்டும்.

எங்களோடு விளாத்திகுளம் பக்கத்துத் தம்பி ஒருவன் இருந்தான். இரண்டு பகலாகப் பனிப்புயல். சென்ட்ரி டியூட்டியை அடிக்கடி மாற்றினார்கள். நள்ளிரவில் அவனை மாற்றப் போன ஹவில்தார் என்னைக் கத்திக் கூப்பிட்டார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், தம்பி ஜாக்கெட்டின் ஜிப்பைக் கீழே வரைக்கும் இழுத்துவிட்டிருக்கிறான். கையுறை ஒன்று காணோம். நடுக்கமே இல்லை. முகத்தில் ஒரு சிரிப்பு.

“ஏன்டா கழட்டின?”

“சூடா இருக்குண்ணே. கூட்டம் ஜாஸ்தி.”

“எங்க கூட்டம்?”

“உறுமி கேக்கலையா? எங்க ஊர் கோயில் கொடைண்ணே. சாமி எறங்கப் போகுது.”

உடம்புச் சூடு மிகவும் இறங்கிவிட்டால் சுருங்கிக் கிடந்த ரத்தக் குழாய்கள் தளர்ந்து, தோலில் திடீரென்று வெப்பம் பாய்ந்த மாதிரி இருக்கும். செத்துக்கொண்டிருப்பவன் புழுங்குகிறது என்று சட்டையைக் கழற்றுவான். படித்திருந்தேன். நேரில் பார்த்தது அன்றுதான். அவனைக் குலுக்காமல் தூக்கி வந்தோம், அந்த நிலையில் முரட்டுத்தனமாகக் கையாண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். ஈரத் துணியைக் கழற்றி, இரண்டு பேர் அவனோடு சேர்ந்து படுத்து, தங்கள் உடம்புச் சூட்டைக் கொடுத்தார்கள். விடியும் நேரத்தில் அவனுக்கு நடுக்கம் திரும்பியது. பல் தந்தியடிக்கிற அளவுக்கு நடுக்கம். நானும் ஹவில்தாரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம். வானம் திறந்த அன்று சீட்டா ஹெலிகாப்டரில் அவனை இறக்கினார்கள். உயிர் பிழைத்தான். இடது காலில் விரல்கள் போய்விட்டன.

ஓவன் கவிதையில் இதுதான் இருந்தது. 1917 ஜனவரியில், இருபத்துமூன்று வயது செகண்ட் லெப்டினென்டாக, மான்செஸ்டர் ரெஜிமென்ட்டின் இரண்டாம் பட்டாலியனோடு அவர் வடக்கு பிரான்ஸில் முன்னணிக்குப் போனார். கொடுமையான குளிர்காலம் அது. பதுங்க ஒரு குழிகூட இல்லாமல் பனியில் தன் ஆட்களோடு கிடந்ததை, பிப்ரவரி தொடக்கத்தில் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். குடிநீர் உறைந்து கிடந்தது. அவருடைய ஆட்களில் ஒருவரைக் கீழே கொண்டுபோவதற்குள் குளிரே கொன்றுவிட்டது. இந்த அனுபவம்தான் பின்னால் கவிதையானது. அவர் இறந்தபின் 1920இல், சீக்ஃப்ரீட் சசூன் முன்னுரையோடு வந்த தொகுப்பில் அச்சானது.

எட்டுப் பத்திகள். ஒவ்வொரு பத்தியும் ஒரு குட்டை அடியில் சட்டென்று நின்றுபோகும். பாதி இடங்களில் அந்தக் குட்டை அடிக்குச் சொல்ல ஒரு செய்தியும் இருக்காது. காத்திருப்பு தொடர்கிறது, அவ்வளவுதான். எதுகை முழுசாக ஒட்டாது. மெய்யெழுத்துகள் ஒத்துப்போக, உயிரெழுத்து வழுக்கிக்கொண்டு போகும். விறைத்த கை எதையும் முழுசாகப் பிடிக்க முடியாமல் நழுவவிடுவது எனக்குத் தெரியும் என்பதால் அந்த ஓசை எனக்குப் புரிந்தது. துப்பாக்கிக் குண்டைவிடப் பனி பெய்யும் காற்றுதான் அவரை அச்சுறுத்துகிறது. பிறகு அந்தச் சிப்பாய்கள் பனியை வெறித்துப் பார்த்தபடி கிறங்குகிறார்கள். வெயில் காய்கிற புல்பள்ளம், உதிரும் பூ, கத்தும் பறவை எல்லாம் அவர்களுக்குத் தெரிகிறது. விளக்கவுரை இதைக் கற்பனை வளம் என்றது. நான் பென்சிலை எடுத்தது அங்கேதான். இது கொடைக்கு வந்த உறுமிச் சத்தம். ஒரு கவிஞன் தன் ஆட்களின் கண்ணை அவ்வளவு நெருக்கத்தில் பார்த்திருக்கிறான்.

இன்னும் கொஞ்ச தூரம் போனால் அவர்களுடைய உயிர்கள் கனவில் வீட்டுக்கு நடக்கின்றன. அடுப்புத் தணல் மங்கிக்கொண்டிருக்கிறது. மனிதர்கள் இல்லை. சுவர்க்கோழியும் எலியும் வீட்டைத் தங்களுடையதாக்கிக்கொண்டன. கதவு, சன்னல் எல்லாம் இவர்களுக்கு அடைத்துக் கிடக்கின்றன. திரும்பி வந்து சாவதைத் தவிர வேறு வழி இல்லை.

இந்த இடத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் புத்தகத்தைத் திறக்கவில்லை. மேலே எங்களுக்கு சாட்டிலைட் போன் உண்டு. முறை வைத்து ஆளுக்குச் சில நிமிடங்கள். போன் பேசினால் தெம்பு வரும் என்று கீழே இருக்கிறவர்கள் நினைப்பார்கள். வரும், பாதிப் பேருக்கு. மற்றவர்கள் பேசி முடித்த ராத்திரிதான் சுவரைப் பார்த்துப் படுப்பார்கள். வீட்டில் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டார்கள். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று, கிணறு தூர்வாரியாயிற்று, பிள்ளை நடக்கிறான். எல்லாம் நல்ல சேதி. எல்லாமே அவன் இல்லாமல் நடந்த சேதி. தான் இல்லாமலும் அந்த வீடு நடக்கும் என்று ஒருவனுக்கு அந்தக் குளிரில் தெரிவது எவ்வளவு ஆபத்து என்பதை நான் பாதங்களில் பார்த்திருக்கிறேன். மறுநாளே சாக்ஸ் மாற்றாமல் விட்டுவிடுவான். ஓவன் கவிதையில் கதவு மூடுகிற இடத்தைக் குளிரில் கிடந்த ஒருவர்தான் எழுதியிருக்க முடியும்.

அதே பிரான்ஸில், ஓவனுக்கு முன்பே, நம் ஆட்கள் அந்தக் குளிரைப் பட்டார்கள். 1914 இலையுதிர் காலத்தில் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படைகள் வெப்ப நாட்டுப் பருத்திச் சீருடையில் வந்தவை. அந்த முதல் குளிர்காலத்தில் அகழிகளில் அவர்கள் பட்ட பாடு, தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்து வைத்த கடிதங்களால் இன்று நமக்குத் தெரிகிறது. அவர்களில் எத்தனையோ பேருக்கு எழுதத் தெரியாது, பக்கத்திலிருப்பவரிடம் சொல்லி எழுதினார்கள். கவிஞர்கள் என்று யாரும் அவர்களைப் பாடத்தில் வைப்பதில்லை. வைக்க வேண்டும்.

நான் போகிற நூலகத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மாலையில் வருவார். ஓவனைப் பற்றி ஒருநாள் அவரிடம் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நெடுநல்வாடை படிச்சிருக்கியா தம்பி?” என்றார். பள்ளியில் பெயர் மட்டும் மனப்பாடம் செய்ததுதான் என்றேன். உ.வே.சா. 1889இல் பதிப்பித்த பத்துப்பாட்டில் ஒன்று, நக்கீரர் பாடியது, 188 அடி. அவரே எனக்குப் பாடம் சொன்னார்.

பாட்டு குளிரில்தான் தொடங்குகிறது. மழைக்குத் தப்பி மேட்டு நிலத்துக்கு மாட்டை ஓட்டி வந்த இடையர்கள் கொள்ளியில் கை காய்கிறார்கள், கன்னம் அடித்துக்கொள்கிற அளவுக்கு நடுங்குகிறார்கள். விலங்கு மேயவில்லை. குரங்கு கூனிக் கிடக்கிறது. பறவை கிளையிலிருந்து விழுகிறது. பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. நான் “ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க” என்றேன். தாய் தன் கன்றைத் தள்ளுவது! மூடிய கதவை நக்கீரர் வேறு விதமாகப் பார்த்திருக்கிறார். குளிர் முதலில் குலைப்பது பாசத்தைத்தான் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

நடுவில் அரண்மனை, கட்டில், அரசியின் கண்ணீர் என்று பாட்டு நீள்கிறது. அழகுதான். என் மனம் கடைசிப் பகுதிக்காகக் காத்திருந்தது. நள்ளிரவில் பாசறையில் அரசன் தூங்கவில்லை. புண்பட்டுக் கிடக்கும் வீரர்களைப் பார்க்கக் கிளம்புகிறான். வாடை அடிக்கும்போதெல்லாம் விளக்குகளின் தீ தெற்கே சாய்கிறது. வேம்பு கட்டிய வேலோடு ஒருவன் முன்னால் போய், கிடப்பவர்களை வரிசையாகக் காட்டுகிறான். சேணம் கழற்றாத குதிரைகள் சேற்றுத் தெருவில் நின்று மேலே விழும் துளியை உதறுகின்றன. அரசனின் மேலாடை நழுவுகிறது, இடக்கையால் அணைத்துக்கொள்கிறான். இன்னொரு கை ஓர் இளைஞனின் தோளில். வெண்கொற்றக் குடை தூறலை மறைக்கிறது. முகம் மலர்ந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போகிறான்.

வேலில் வேம்பு என்றதால் இது பாண்டியனைக் குறிக்கிறது, அகப்பாட்டில் தலைவன் இன்னார் என்று சுட்டக் கூடாது, ஆகவே இது அகமா புறமா என்று உரையாசிரியர்கள் காலத்திலிருந்து ஒரு வழக்கு நடக்கிறதாம். ஐயா அதை ஆர்வத்தோடு விளக்கினார். எனக்கு அந்த வழக்கில் பெரிய அக்கறை இல்லை. அரசன் மருந்து கொண்டுபோகவில்லை என்பதைத்தான் கவனித்தேன். அவன் கொண்டுபோனது தன் முகத்தை மட்டும். எங்கள் கம்பெனி கமாண்டர் நள்ளிரவு தாண்டி, கயிற்றைப் பிடித்தபடி குடில் குடிலாக வருவார். “க்யா தம்பி, சாப்பிட்டியா?” என்று அவருக்குத் தெரிந்த ஒற்றைத் தமிழ்ச் சொற்றொடரைச் சொல்லுவார். சுவரைப் பார்த்துக் கிடந்தவன் எழுந்து உட்காருவான். என் பையில் இருந்த எந்த மாத்திரைக்கும் அந்தச் சக்தி இல்லை. ஓவனின் சிப்பாய்களைத் தேடி அப்படி ஒருவரும் வருவதில்லை. வருகிறவர்கள் மண்வெட்டியோடு வரும் அடக்கக் குழுவினர்தான்.

ஆனாலும் ஒரு மனத்தாங்கலை ஐயாவிடம் சொன்னேன். நக்கீரர் அரசனின் மேலாடை நழுவியதைக்கூடக் கண்டார். தரையில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லையே. முல்லைப்பாட்டிலும் தூங்காத அரசன், ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, புண்பட்ட யானையையும், செத்த வீரரையும், அம்பு தைத்துக் காது சாய்ந்து தீனி தின்னாத குதிரையையும் நினைக்கிறான். அந்தக் குதிரை என் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் அங்கேயும் நினைப்பவன் அரசன். ஐயா கொஞ்ச நேரம் யோசித்தார். “கிடந்தவன் பாடியிருந்தா அது வேற பாட்டு தம்பி. அது நமக்குக் கிடைக்கலை” என்றார்.

அந்த வேறு பாட்டைப் பிறகு ஒரு ரஷ்யக் கவிஞரிடம் கண்டேன். அலெக்சாந்தர் த்வார்தோவ்ஸ்கி 1939–40 பின்லாந்துப் போரில் ராணுவப் பத்திரிகையாளராக இருந்தவர். 1943இல், அதைவிடப் பெரிய போர் நடந்துகொண்டிருக்கும்போது, பழைய குறிப்பேட்டில் தான் எழுதியிருந்த இரண்டு வரிகளை நினைத்துக்கொள்கிறார். பின்லாந்தின் பனிக்கட்டியில் செத்துக் கிடந்த ஒரு சின்னப் பையன். கோட்டு பனியோடு ஒட்டி உறைந்துவிட்டது. இன்னும் ஓடிக்கொண்டிருப்பவன் போலக் கிடக்கிறான். அவ்வளவு பேர் செத்த காலத்தில் இந்த ஒருவனுக்காக ஏன் மனம் அடித்துக்கொள்கிறது என்று கவிஞர் கேட்கிறார். அங்கே கிடப்பது தானே என்று படுகிறது அவருக்கு. சின்ன உருவமாக, யாரும் நினைக்காதவனாக.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினின் சோனம் போஸ்டில், 19,600 அடி உயரத்தில், 19ஆம் மெட்ராஸ் பட்டாலியனோடு இருந்த பத்துப் பேரைப் பனிச்சரிவு மூடியது. ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோடு கிடைத்தார். தார்வாட் மாவட்டத்துக்காரர். 11ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் இறந்தார். மருந்துக் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும், நான் அங்கே இருந்தவன் என்று தெரிந்து, எப்படிப் பிழைத்திருப்பார் என்று கேட்டார்கள். காற்றுப் பொந்து, ஸ்லீப்பிங் பேக் என்று தெரிந்ததைச் சொன்னேன். எனக்குள் ஓடியது வேறு. அத்தனை நாள் அந்த இருட்டில் அவர் எந்த ஊரில் இருந்திருப்பார்? அவருக்குக் கதவு திறந்திருந்ததா?

விளாத்திகுளத்துத் தம்பி அன்று இரவு போன் செய்தார். ஊரில் உரக்கடை வைத்திருக்கிறார், இரண்டு பிள்ளைகள். டி.வி.யைப் பார்த்துவிட்டு அழுதிருக்கிறார், குரலில் தெரிந்தது. பேச்சை மாற்றுவதற்காக ஓவனின் கவிதையை எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். வெயில் காய்கிற பள்ளம், பூ, பறவை என்று சொன்னபோது “உறுமி” என்றார். கதவு மூடுகிற இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை.

“அந்த ஆபீசர் ஊருக்குத் திரும்பினாராண்ணே?”

இல்லை என்றேன். 1918 நவம்பர் 4 அன்று ஓர்ஸ் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு கால்வாயைக் கடக்கும்போது சுடப்பட்டார், வயது இருபத்தைந்து. ஒரே வாரத்தில் போர் முடிந்தது. முடிந்த அன்றுதான் வீட்டுக்குத் தந்தி வந்தது.

“அவரோட ஆளுங்க காலை யாருண்ணே பாத்தா?”

அதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் படையில் கால் புண்ணும் உறைவும் ஆயிரக்கணக்கானவர்களைப் படுக்க வைத்தபின், திமிங்கில எண்ணெய் தேய்ப்பது, சாக்ஸ் மாற்றுவது எல்லாம் கட்டாயமாயின. பாதங்களைப் பார்ப்பது அந்தந்த ஆபீசரின் பொறுப்பு. 1918 ஜூலையில் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஓவன் தன் சிப்பாய்களைக் கிறிஸ்துவாகவே எழுதுகிறார். சிலுவையைத் தூக்கப் பழக்கிவிட்டு, ஆணி அடிக்க ஏற்றவையா என்று அந்தக் கிறிஸ்துவின் பாதங்களையும் சோதித்துப் பார்த்ததாகச் சொல்கிறார்.

“அப்ப அவரும் குனிஞ்சு பாத்திருக்கார்” என்றார் தம்பி. பின்னால் பிள்ளைகள் சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்டது. நாளைக்குக் கூப்பிடுவதாகவும், அந்தக் கதவு மூடுகிற இடத்தை இன்னொரு தடவை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டு போனை வைத்தார்.